செடிகளின் பாகப் பிரிவினை

பாகப் பிரிவினை என்ற வார்த்தையைக் கேட்டாலே நம்மில் பலருக்கு மனம் சஞ்சலப்படும். உடன்பிறந்தவர்கள் முகத்தைத் திருப்பிக் கொள்வதும், வக்கீல் குமாஸ்தா வாசலில் வந்து நிற்பதும், பாட்டியின் வெள்ளிக் கூஜா யாருக்குச் சேரவேண்டும் என்ற விஷயத்தில் இரண்டு தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை நின்று போவதும் ஞாபகத்துக்கு வரும். ஆனால், வீட்டுக் கொல்லையில் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை நடந்தே தீரவேண்டிய பாகப் பிரிவினை ஒன்று உண்டு. அதில் வழக்கும் இல்லை, வாய்தாவும் இல்லை. பங்கு கொடுத்தவருக்கும் லாபம், பெற்றவருக்கும் லாபம். அதைச் செய்யாமல், "ஒன்றாகவே இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டால்தான் குடும்பம் க்ஷீணித்துப் போகும்.

செடிகளின் குடும்பத்தைத்தான் சொல்கிறேன். ஒரு தடவை நட்டால் பல வருஷங்கள் நிலைத்திருந்து, அடியில் தூர் கட்டிப் பெருகும் செடிகள் நம் வீடுகளில் அநேகம். சம்பங்கி, சாமந்தி, கல்வாழை, வெட்டிவேர், எலுமிச்சைப் புல், மஞ்சள், கற்றாழை, எல்லாவற்றுக்கும் மேலாக வாழை. நட்ட முதல் இரண்டு வருஷம் இவை செழித்து வளர்வதைப் பார்த்தால் கண் குளிரும். மூன்றாவது வருஷம் வீட்டில் புலம்பல் ஆரம்பமாகும். "போன வருஷம் கூடை கூடையாகப் பூத்ததே! இப்போது இலையாகத் தள்ளுகிறதே தவிர, சாமி படத்துக்கு வைக்க ஒரு பூவுக்கு வழியில்லையே!" எதிர்வீட்டுக்காரரின் திருஷ்டி, குழாய் ஜலம், போலி உரம் என்று காரணங்கள் ஒவ்வொன்றாக அலசப்படும். கடைசியில் இன்னும் இரண்டு கூடை எருவைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். செடி அதற்கும் மசியாது.

உண்மையான காரணம் இட நெருக்கடி. ஒரு சாண் இடத்தில் நட்ட ஒரு கிழங்கு, இரண்டு வருஷத்தில் இருபது முப்பது குட்டிகளை ஈன்று விடுகிறது. அத்தனையும் அதே ஒரு சாண் மண்ணில் வேர் விடுகின்றன. வேரோடு வேர் பின்னிப் பாய் முடைந்தாற்போல் ஆகிவிடுகிறது. மேலே ஊற்றும் ஜலம் அந்தப் பாயைத் தாண்டி உள்ளே இறங்குவதில்லை. போட்ட எருவும் அப்படியே. கல்வாழை, புல் வகைகள் முதலியவற்றில் இன்னொரு விசேஷமும் உண்டு. அவற்றின் கிழங்கோ தூரோ வெளிப்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து வளரும். புதுத் தளிர்கள் எல்லாம் ஓரத்தில். நடுவில் இருப்பது வயதான கட்டை. நாளடைவில் அந்த நடுப்பாகம் செத்து, வழுக்கைத் தலையைச் சுற்றி மயிர் வளர்ந்தாற்போல் செடி வட்டமாக நிற்கும். அப்படிப்பட்ட தூரைக் கண்டால், பிரிவினைக் காலம் வந்துவிட்டதென்று தெரிந்து கொள்ளலாம்.

"பச்சைச் செடியைத் தோண்டி வெட்டுவது பாவம் அல்லவா?" என்று கேட்கிற வயோதிகர்கள் உண்டு. அவர்களுடைய ஜீவகாருண்யத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தூரைத் தோண்டிப் பார்த்தால், பாவம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று விளங்கிவிடும். வேருக்குப் போக இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கிக் கொண்டு கிடக்கும் அந்தக் கிழங்குகளைப் பிரித்து விடுவது, கதவைத் திறந்து விடுவது போன்ற காரியமே.

எல்லாச் செடியையும் இப்படிப் பங்கு போட முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மண்ணிலிருந்து ஒரே தண்டாக எழும்பிக் கட்டை முற்றிய செடிகளான ரோஜா, செம்பருத்தி, நந்தியாவட்டை முதலியவற்றை இரண்டாகப் பிளந்தால் இரண்டும் போய்விடும். மல்லிகையை வளைத்து மண்ணில் பதியன் போட வேண்டும். கறிவேப்பிலை நடுத்தரமான ஆசாமி. மரத்தைப் பிளக்க முடியாவிட்டாலும் அதன் வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளைப் பிரிக்கலாம். ஆனால் ஒரே நாளில் பிடுங்கக் கூடாது. தாய் மரத்துக்கும் கன்றுக்கும் நடுவே மண்வெட்டியை ஆழ இறக்கி இணைப்பு வேரை மாத்திரம் அறுத்து விட்டு, கன்றை இருந்த இடத்திலேயே ஒரு மாதம் விட்டு வைக்க வேண்டும். அதற்குள் சொந்தமாக வேர் விட்டுப் பிழைக்கக் கற்றுக் கொள்ளும். பிறகு மழை நாளாகப் பார்த்து, மண்கட்டியோடு பெயர்த்து எடுத்தால் தவறாமல் பிடித்துக் கொள்ளும்.

பிரிப்பதற்கு உகந்த காலம் எது? சீமைத் தோட்டப் புத்தகங்களைப் படித்தவர்கள், இலையுதிர் காலம் என்றும் வசந்தத்தின் தொடக்கம் என்றும் சொல்வார்கள். அந்தத் தேசத்தில் செடிக்குச் சத்துரு உறைபனி. நமக்குச் சத்துரு வெயில். வேர் அறுபட்ட செடியின் இலைகள் வழக்கம்போல் ஜலத்தை ஆவியாக வெளியே விட்டுக் கொண்டிருக்கும். அதை ஈடு செய்ய வேரோ இல்லை. வரவு நின்று செலவு மாத்திரம் நடக்கும் வீடு எத்தனை நாள் தாங்கும்? ஆகவே ஆடி பிறந்து வெயிலின் உக்கிரம் தணிந்ததிலிருந்து புரட்டாசி வரையில் நல்ல காலம். மழை ஓய்ந்த தை மாத முற்பகுதியும் ஏற்றதுதான். ஐப்பசி, கார்த்திகையின் அடைமழையில் சதைப்பற்றுள்ள கிழங்குகளை வெட்டினால் வெட்டுவாய் அழுகிவிடும். அக்கினி நட்சத்திரத்தில் மண்வெட்டியைத் தொடவே வேண்டாம். எந்த மாதமானாலும் சாயங்கால வேளை சிலாக்கியம். செடிக்கு ஓர் இரவு முழுவதும் ஓய்வு கிடைக்கும்.

முதல் நாள் செடிக்கு நன்றாக ஜலம் விட்டு வைத்துவிட்டு, மறுநாள் தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் தோண்டி, அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்ப வேண்டும். தூரைப் பிடித்து இழுக்கக் கூடாது. வெளியே வந்த பின் மண்ணை உதறிப் பார்த்தால், செடியே தனக்குள் எப்படிப் பங்கு போட்டுக் கொண்டிருக்கிறதென்பது தெரியும். கையால் பிரிகிற இடத்தில் கையால் பிரிக்கலாம். முடியாத இடத்தில் கூரான கத்தியால் ஒரே வெட்டு. மொண்ணைக் கத்தியால் அறுத்து நசுக்கினால் அந்தக் காயம் ஆறாது. ஒவ்வொரு பங்கிலும் கொஞ்சம் வேரும், ஒன்றிரண்டு உயிருள்ள முளையும் இருக்க வேண்டியது அவசியம். வேர் இருந்து முளை இல்லாவிட்டாலும், முளை இருந்து வேர் இல்லாவிட்டாலும் சிரமம்தான். நடுவில் உள்ள கிழட்டுக் கட்டையைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் குப்பைக் குழியில் போட்டுவிட்டு, ஓரத்து இளம் பாகங்களையே வைத்துக் கொள்ள வேண்டும். இலைகளைப் பாதியாகக் கத்தரித்து விடுவது மேலே சொன்ன வரவு செலவுக் கணக்கைச் சரிக்கட்டும். பார்வைக்கு அலங்கோலமாக இருந்தாலும் பரவாயில்லை.

பிரித்த உடனே நடுவதா, ஆறப் போடுவதா என்பதில் பலர் குழம்புகிறார்கள். கல்வாழைக் கிழங்கு, இஞ்சி, மஞ்சள், கற்றாழை போன்ற சதைப்பற்றுள்ளவற்றை நிழலில் ஒரு நாளோ இரண்டு நாளோ ஆறவிட்டால் வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்; அப்புறம் நடலாம். வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவும் வழக்கம் ஈரத்தை உறிஞ்ச உதவும். சாமந்தி, புல் வகை முதலிய மெல்லிய வேர்ச் செடிகளுக்கோ இந்த உபசாரமே கூடாது. அவற்றின் வேர் அரை நாழிகை வெயிலில் கிடந்தாலும் கருகிவிடும். ஈரச் சாக்கில் சுற்றி வைத்துக் கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து நட வேண்டும். முன்பு எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நட்டு, வேரைச் சுற்றி வெற்றிடம் இல்லாமல் மண்ணை அழுத்தி, ஜலம் விட்டு, ஒரு வாரம் பத்து நாள் தென்னங்கீற்று நிழல் கொடுத்தால் போதும். இரண்டு நாள் வாடித் தலை சாய்வதைக் கண்டு பயந்து வேளைக்கு ஒரு குடம் ஜலம் கொட்டுகிறவர்களால் சாகும் செடிகளே அதிகம்.

இனிச் சம்பங்கி. நமக்கு இத்தனை சொந்தமாகிவிட்ட இந்தப் புஷ்பம் மெக்ஸிகோ தேசத்திலிருந்து கடல் கடந்து வந்தது. அந்நாட்டின் பழங்குடி மக்கள் அதன் வெண்மையைக் கண்டு தங்கள் பாஷையில் "எலும்புப் பூ" என்று பெயர் வைத்தார்களாம். கல்யாண மாலையில் அதைத் தொடுக்கிற நமக்கு இந்தப் பெயர் அவ்வளவு ரசிக்காது. தாவர சாஸ்திரிகள் இப்பொழுது இதை ஆனைக் கற்றாழையின் இனத்திலேயே சேர்த்துவிட்டார்கள். உருவத்தில் யாதொரு ஒற்றுமையும் இல்லையே என்று தோன்றும். ஆனால் குணத்தில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. ஆனைக் கற்றாழை பல வருஷம் வளர்ந்து, ஒரே தடவை பெரிய தண்டு விட்டுப் பூத்து மடிந்து போவதை ரயில் பாதை ஓரங்களில் பார்த்திருக்கலாம். சம்பங்கிக் கிழங்கும் அவ்விதமே. ஒரு கிழங்கு ஒரே தடவைதான் பூக்கும். பூத்த கிழங்குக்கு எத்தனை எரு போட்டாலும் மறுபடி பூக்காது. அதைச் சுற்றி ஒட்டிக் கொண்டிருக்கும் குட்டிகள்தான் அடுத்தடுத்துப் பூக்க வேண்டியவை. அவை பருப்பதற்கு இடம் இருந்தால் பூ. இடமில்லாவிட்டால் வெறும் இலை. "இலையாகத் தள்ளுகிறது" என்ற புலம்பலுக்குப் பதில் இதுவே.

ஆகையால், சம்பங்கிப் பாத்தியை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கலைத்துவிட வேண்டும். பூ ஓய்ந்து இலை மஞ்சளிக்கத் தொடங்கும் சமயத்தில் ஜலம் விடுவதை நிறுத்தி, இலைகள் காய்ந்தபின் தோண்டலாம். கிழங்குக் கொத்தைக் கையால் பிரித்தாலே உதிரும். பூத்து முடிந்த பழைய கிழங்கை, அதன் நடுவில் காய்ந்து நிற்கும் தண்டின் அடியைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். அதைக் கழித்து விட வேண்டியதே. பெருநெல்லிக்காய் அளவுக்குக் குறையாத குட்டிகள் அந்த வருஷமே பூக்கத் தகுந்தவை. கோலிக்குண்டு போன்ற பொடிகளைத் தனிப் பாத்தியில் போட்டு வளர்த்தால் பிற்பாடு பிரயோஜனப்படும். தேர்ந்தெடுத்த கிழங்குகளை நிழலான இடத்தில், காற்றோட்டமாக, சுமார் ஒரு மாத காலம் பரப்பி வைத்திருந்து, ஆனியிலோ ஆடியிலோ நட வேண்டும். இந்த ஒரு மாத உறக்கம் வீண் அல்ல. உறங்கிய கிழங்கு ஒரே சீராக முளைக்கும். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, கிழங்குக்குக் கிழங்கு எட்டு அங்குலம், மேலே ஓர் அங்குல மண். மூன்று மாதம் கழிந்ததும் தண்டு நீள ஆரம்பிக்கும். பத்துக் கிழங்கு நட்ட வீட்டில் மூன்று வருஷம் சென்று தோண்டினால் தனக்கு வேண்டியது போக, தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுக்கும்படி இருக்கும்.

சாமந்தியின் போக்கு வேறு. கார்த்திகை, மார்கழியில் பூத்து ஓய்ந்ததும் பலர் அதைப் பிடுங்கி எறிந்து விடுகிறார்கள். அது அநியாயம். தண்டை ஒரு சாண் உயரம் விட்டு வெட்டி, லேசாக எரு இட்டு வந்தால், அடியிலிருந்து இளங்கன்றுகள் குபுகுபுவென்று கிளம்பும். ஒவ்வொன்றுக்கும் தனி வேர் இருக்கும். வைகாசி வாக்கில் இவற்றைப் பிரித்து ஓர் அடி இடைவெளியில் நடலாம். கோடையைத் தவிர்க்கச் சொல்லிவிட்டு வைகாசியில் நடச் சொல்கிறாயே என்று வாசகர்கள் கேட்பார்கள். பகல் குறுகி இரவு நீள்வதற்கு முன்பே இந்தச் செடி வேண்டிய மட்டும் வளர்ந்தாக வேண்டியிருப்பதால் இதற்கு மாத்திரம் விலக்கு. நிழல் கீற்று அவசியம். நட்ட ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பல கிளை விடும்.

இரவு நீண்டால்தான் சாமந்தி மொக்கு விடும் என்பது வெறும் பேச்சு அல்ல. செடிகள் பகல் இரவின் நீளத்தைக் கணக்கிட்டுப் பூக்கின்றன என்ற உண்மையை 1920-ஆம் வருஷத்தில் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இருவர் வெளியிட்டார்கள். நம் வீட்டில் இதற்கு என்ன சம்பந்தம் என்றால், ராத்திரி முழுவதும் எரியும் தெரு விளக்கின் கீழோ வாசல் விளக்கின் கீழோ சாமந்தியை நட்டால், அதற்கு இரவு என்பதே தெரியாமல் போய், பூக்காமல் இலை விட்டுக் கொண்டே நிற்கும். பிரித்து நடும்போது இடத்தையும் மாற்றிப் பாருங்கள்.

கல்வாழையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டு மூன்று முளைக் கண்ணுள்ள துண்டுகளாகக் கிழங்கை வெட்டிக் குப்பைமேட்டு ஓரத்தில் போட்டாலும் வளர்ந்து விடும். விதை போட்டும் முளைக்க வைக்கலாமே என்றால், கலப்பினங்களில் தாயின் நிறம் பிள்ளைக்கு வராது. வெட்டிவேரும் எலுமிச்சைப் புல்லும் அதே விதம்: தூரைப் பிளந்து, இலையை ஒரு சாணுக்கு வெட்டி, மழைக்கு முன் நட்டால் போதும். கிணற்றடிக் கழிவு ஜலம் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் வெட்டிவேரை வரிசையாக நட்டு வைத்தால் மண் அரிக்காது.

கொல்லை என்பதே இல்லாமல் மாடியில் தொட்டி வைத்திருக்கிறவர்களுக்கும் இந்தப் பிரிவினை உண்டு. சொல்லப் போனால் அவர்களுக்கே சீக்கிரம் வரும். தொட்டியின் அடித் துவாரத்தில் வேர் எட்டிப் பார்ப்பதும், விட்ட ஜலம் ஓரமாக வழிந்து உடனே வெளியேறுவதும் அடையாளம். நர்ஸரிக்காரர்கள் 'ஸ்நேக் பிளாண்ட்' என்று விற்கும் மருள் வகையைப் பலர் வரவேற்பறையில் வைத்திருக்கிறார்கள். அதில் மஞ்சள் கரையிட்ட ஜாதி ஒன்று உண்டு. அதன் இலையைத் துண்டு போட்டு நட்டால் வேர் விடும், கன்றும் வரும். ஆனால் அந்தக் கன்றில் மஞ்சள் கரை இராது, வெறும் பச்சையாகவே இருக்கும். கரை வேண்டுமானால் தூரைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. ஜரிகைக் கரை வேண்டுமென்றால் நுனித் துண்டில் தேடிப் பயனில்லை, முழுப் புடவையாகத்தான் வாங்க வேண்டும் என்பது போலத்தான்.

இவ்வளவு சொன்னதற்கு முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. பூ குறைந்தது, தொட்டி நிறைந்தது என்பதெல்லாம் சில்லறை விஷயம். பொங்கல் பானையின் கழுத்தில் நாம் கட்டும் மஞ்சள் கொத்தை எடுத்துக் கொள்ளுங்கள். மஞ்சள் செடி பூக்கும். ஆனால் விதை வைப்பது மிக அரிது. அதன் அணுக்களில் குரோமோஸோம்கள் இரட்டைத் தொகுதியாக இல்லாமல் மூன்று தொகுதியாக, அறுபத்து மூன்றாக இருப்பதால் விதை உண்டாவது தடைப்படுகிறது. அப்படியானால் இத்தனை தலைமுறையாக அது எப்படி நம்மிடம் வந்து சேர்ந்தது? தை மாதம் தோண்டியவர்கள் சில கிழங்குகளை விதைக்கென்று ஒதுக்கி, அடுத்த பருவத்தில் நட்டு, பெண்ணுக்கும் மருமகளுக்கும் அயல் வீட்டுக்கும் கொடுத்ததால்தான் வந்தது. நாம் தின்னும் வாழையின் கதையும் அதுவே. பழத்தில் விதை கிடையாது. பக்கக் கன்று ஒன்றே சந்ததி. ஒரு வகை வாழையின் மரங்கள் எத்தனை லக்ஷம் இருந்தாலும், ஆதியில் ஒரே மரத்தின் துண்டுகளே. யாரும் கன்றைப் பிரித்து நடாத வகை, விதையாகக்கூட மிஞ்சாமல் பூண்டற்றுப் போய்விடும்.

இதிலேயே பெரிய அபாயமும் மறைந்திருக்கிறது. எல்லா மரமும் ஒரே மரம் என்றால், ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும். மத்திய அமெரிக்காவில் உலகச் சந்தைக்காக ஏராளமாகப் பயிரான குரோ மிஷெல் என்ற வாழை, பனாமா வாடல் நோயால் 1960-ஆம் வருஷ வாக்கில் வியாபாரத்திலிருந்தே மறைந்தது. அதனிடத்தைப் பிடித்தது காவெண்டிஷ் என்னும் வகை. நம் பச்சை வாழையின் இனம். நம் நாட்டில் ரஸ்தாளிக்கு அந்த வாடல் நோய் பரம சத்துரு. பழநி மலையின் கீழ்ச் சரிவுகளில் விளையும் விருபாக்ஷி வாழையின் சரித்திரம் இன்னும் வேதனையானது. 1940-ஆம் வருஷ வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்குள் புகுந்த முடிக்கொத்து நோய், பிற்பாடு இந்த மலைகளிலும் பரவித் தோட்டம் தோட்டமாக அழித்தது. அந்த நோயைப் பரப்பியவை இரண்டு: ஒன்று, வாழையில் ஒட்டும் அசுவினிப் பூச்சி, மற்றொன்று, நோய் கண்ட தூரிலிருந்து நல்லெண்ணத்தோடு பிரித்துக் கொடுத்த கன்று. பின்னர் திருச்சிராப்பள்ளியில் 1993-ல் ஏற்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி நிலையமும் கோயமுத்தூர் விவசாய சர்வகலாசாலையும் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகளை உண்டாக்கி மலை விவசாயிகளுக்குக் கிடைக்கச் செய்தன. விருபாக்ஷிக்கும் சிறுமலை வாழைக்கும் 2008-09-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பழத்தால் செய்யும் பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் கிடைத்தது.

ஆகையால் வாழைக் கன்றை வாங்குமுன்னும் கொடுக்குமுன்னும் தாய் மரத்தை ஏற இறங்கப் பார்க்க வேண்டும். இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் ஒரு கொத்தாக நெருங்கி நின்றால் சந்தேகம் கொள்ளுங்கள். இலைக்காம்பிலும் நடு நரம்பிலும் கரும்பச்சையாகப் புள்ளியும் கோடுமாகத் தெரிந்தால், முடிக்கொத்து நோய் என்று நிச்சயம் செய்து கொள்ளலாம். 2013-ல் சேவை நிறுத்தப்பட்ட தந்தியைக் கையாண்ட பழைய உத்தியோகஸ்தர்களுக்கு அந்தப் புள்ளி கோடுகள் பரிச்சயமாகவே தோன்றும். ஆனால் அது சொல்லும் சமாசாரம் மாத்திரம் அசுபம். அந்தத் தூரில் ஒரு கன்று பச்சைப் பசேலென்று இருந்தாலும் ஏமாறக் கூடாது. நோய் உள்ளே இருக்கும். கிழங்கோடு அகழ்ந்து அழிப்பதே தர்மம். வாடல் நோய்க்கு வேறு பரீட்சை: கன்றின் கிழங்கைச் சீவும்போது உள்ளே வெண்மையாக இருக்க வேண்டும். செம்பழுப்பு நிறத்தில் புள்ளியோ கோடோ கண்டால் அது வேண்டாம்.

இந்தச் சோதனைகளில் தேறிய தூரிலும் எல்லாக் கன்றும் ஒன்றல்ல. இலை ஈட்டிபோல் குறுகி, அடி பருத்து, தாய்க் கிழங்கோடு உறுதியாக ஒட்டியிருக்கும் கன்றுதான் வேண்டியது. சிறிய வயதிலேயே அகலமான இலையை விரித்துக் கொண்டு ஜம்பமாக நிற்கும் கன்றுக்குக் கிழங்கில் பலம் கிடையாது. அழகைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் அற்பக் குலைதான் வெட்டுவார்கள். இரண்டு மூன்று மாத வயதும், ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாத எடையும் உள்ள ஈட்டிக் கன்றைக் கடப்பாரையால் பெயர்த்து, பழைய வேர்களையும் அழுகலையும் சீவி, கிழங்குக்கு மேல் ஒரு சாண் தண்டு விட்டு வெட்டி, ஒன்றரை அடி ஆழ அகலக் குழியில் நட வேண்டும். தாய் மரத்தடியில் வாரிசாக ஒரு கன்றை மாத்திரம் விட்டு வைத்தால் குலை பருக்கும்.

கொடுக்கிற பங்கு வழியில் சாகாமல் போய்ச் சேர வேண்டுமே! சாமந்திக் கன்று, புல் தூர் ஆகியவற்றின் வேரை ஈரத் துணியில் சுற்றி, மேலே வாழைப் பட்டையால் கட்டினால் ஒரு ராத்திரி ரயில் பிரயாணம் தாங்கும். கற்றாழைக்கு எந்தச் சம்ரக்ஷணையும் வேண்டாம். காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் போடலாம். சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிற பெண்ணுக்குக் கொடுத்தனுப்ப ஆசைப்படுகிறவர்கள், அந்த நாட்டின் அநுமதியும் தாவர சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் அனுப்பக் கூடாது. விமான நிலையத்தில் பறித்துக் கொள்வார்கள் என்பது ஒரு காரணம். முடிக்கொத்து நோய் கடல் கடந்த விதம் மற்றொரு காரணம். சம்பங்கிக் கிழங்குக்கு மாத்திரம் ஈரமே ஆகாது. பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகும். துணிப் பையில் காய்ந்தபடியே கொடுக்க வேண்டும். கூடவே "சம்பங்கி, ஆனியில் நடவும்" என்று ஒரு சீட்டும் எழுதிப் போடுங்கள். கிழங்கு பார்வைக்குச் சின்ன வெங்காயத்துக்குத் தூரத்து உறவுபோல் இருக்கும். அது உண்ணத் தக்கதல்ல. சீட்டு இல்லாமல் சமையலறை அலமாரியில் ஏறிவிட்டால், ஆனி மாதம் வருவதற்குள் யாராவது அதைச் சாம்பாருக்கு உரித்து விடுவார்கள்.